குதிரை கட்டிய கல்

செஞ்சியில் ஓட்டை போட்ட கல் ஒன்று கிடந்தால் போதும், அது தேசிங்கு ராஜா குதிரை கட்டிய கல் ஆகிவிடும். வயலில் கிடந்தாலும் அப்படித்தான், டீக்கடை வாசலில் கிடந்தாலும் அப்படித்தான். அத்தனை கல்லிலும் கட்டுவதென்றால் அந்த ஒற்றைக் குதிரைக்கு அவிழ்ப்பதும் கட்டுவதுமே பிழைப்பாகப் போயிருக்கும், சண்டைக்குப் போக நேரம் ஏது? ஆனால் இதை ஊரில் வாய்விட்டுச் சொல்லிவிட முடியாது. அடிக்க வந்துவிடுவார்கள்.

கோட்டையின் கிருஷ்ணகிரி மலைக்குப் பின்பக்கம், திருவண்ணாமலை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற தொடக்கப்பள்ளியிலும் அப்படி ஒரு கல் உண்டு. மைதானத்தின் வடகிழக்கு மூலையில் ஆளுயரத் தூண் ஒன்று சாய்ந்து நிற்கும். அதன் காலடியில் பாதி மண்ணுக்குள் புதைந்த பலகைக் கல், நடுவில் வட்டமாக ஓட்டை. பிள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்துதான் மதியச் சாப்பாடு சாப்பிடுவார்கள்.

அந்தப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்த நாள் முதல் வளர்மதி டீச்சர் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். ஒழுகாத இரண்டு வகுப்பறை, அதில் ஒன்றில் கம்ப்யூட்டர். மனு எழுதி எழுதி அவருக்குக் கை ஓய்ந்துபோயிருந்தது. வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை மஞ்சள் வேனில் ஏற்றி டவுனுக்கு அனுப்பினார்கள். மிச்சம் இருந்த பிள்ளைகளும் வருஷத்துக்கு வருஷம் குறைந்தார்கள். இப்படியே போனால் பள்ளியைப் பூட்டிச் சாவியை ஒன்றிய அலுவலகத்தில் கொடுக்க வேண்டியதுதான் என்று அவர் பயந்துகொண்டிருந்தபோது, கட்டடத்துக்கு உத்தரவு வந்தேவிட்டது. அன்று டீச்சர் அழுதேவிட்டார்.

இடத்தைக் குறித்தவர் ஊராட்சித் தலைவர் துரைக்கண்ணு. நல்ல மனிதர், பள்ளிக்காக அலைந்தவர். ஆனால் மனையடி சாஸ்திரம் என்றால் உயிரையே விடுவார்.

"ஈசானிய மூல டீச்சர். பள்ளமா வேற இருக்குது. ஈசானியம் பள்ளமா இருந்தா மனைக்கு அவ்ளோ விசேஷம். மழத் தண்ணியெல்லாம் தேடிக்கினு அங்கதான் வந்து சேருது, பாத்திருக்கீங்க இல்ல?"

"அந்தக் கல்லு?"

"ஜேசிபி வுட்டுத் தூக்கி கேட்டாண்ட நட்டுருவோம். ராஜா குதிரை கட்டுன கல்லு, வர்றவங்க போறவங்க பாக்கட்டும்."

டீச்சருக்கும் அது சரியாகத்தான் பட்டது. கட்டடம் எந்த மூலையில் வந்தால் என்ன, வந்தால் போதும் என்றிருந்தார்.

கட்டடம் வரும்வரை பள்ளியின் கம்ப்யூட்டர் அறை வராண்டாதான். ஓரம் உடைந்த லேப்டாப் ஒன்று, அரசு கொடுத்த தொடுதிரை டேப் ஒன்று, டீச்சரின் செல்போனிலிருந்து எடுக்கிற நெட். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மவுஸைப் பிடித்து வட்டமும் சதுரமும் வரையச் சொல்லிக் கொடுப்பதில் டீச்சருக்கு நம்பிக்கை இல்லை. "நம்ம ஊரப் பத்தி யாருக்கும் தெரியாத ஒண்ணக் கண்டுபிடிங்க. அதுக்கு இந்தப் பொட்டி எதுக்கெல்லாம் ஒத்தாசையா இருக்குதுன்னு தன்னால தெரிஞ்சிடும்" என்றார். கரும்பலகையின் ஓரத்தில் மூன்று கேள்விகளை எழுதிவைத்தார். யார் சொன்னது? நீ எங்கே பார்த்தாய்? வேறு எங்காவது இப்படி இருக்கிறதா? வருஷம் முழுக்க அவற்றை அழிக்கக் கூடாது என்று சட்டமும் போட்டார்.

கூப்பிடு தூரத்தில் கோட்டை இருந்தும் பிள்ளைகள் எடுத்துக்கொண்டது அந்தக் கல்லைத்தான். சோறு சாப்பிட்ட இடத்தின்மேல் பாசம் இருக்காதா?

டேப்பைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிக் குரல் பதிவு செய்தார்கள். எல்லாரும் ஒரே வாயாகக் குதிரை என்றார்கள். குதிரையின் நிறத்தில்தான் தகராறு. சலூன்காரர் வெள்ளை என்றார், ரேஷன் கடைக்காரர் கறுப்பு என்றார், பூக்கட்டுகிற அம்மா நீலம் என்று சத்தியமே செய்தார். பீமாராவ் என்ற பையன் அத்தனை குரலையும் வெட்டி ஒட்டி, ஒருவர் பேச்சை இன்னொருவர் மறுப்பதுபோல் ஆக்கிவிட்டான். வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் இவன் இதை எப்படிச் செய்தான் என்று டீச்சர் அசந்துபோனார். மகாலட்சுமி என்ற பெண் ஸ்லைடுகளைச் செய்தாள். முதல் ஸ்லைடில் பிடரி பறக்கிற குதிரைப் படம் ஒன்றை ஒட்டி, 'தேசிங்கு ராஜா குதிரை கட்டிய கல்' என்று கொட்டை எழுத்தில் போட்டாள்.

அந்த மகாலட்சுமி ஆரம்பத்தில் லேப்டாப்பைத் தொடவே நடுங்கியவள். எதையோ அழுத்தி, வகுப்பே சேர்ந்து செய்த வேலை மொத்தமும் காணாமல்போய், தேம்பித் தேம்பி அழுதாள். டீச்சர் அவள் தோளைப் பிடித்து, "பயப்படாத, எதுவும் போவல" என்றார். ஒரு பட்டனை அழுத்தி, பழைய நிலைகள் எல்லாம் வரிசையாக நிற்பதைக் காட்டினார். யார் மாற்றினார்கள், என்றைக்கு மாற்றினார்கள், என்ன மாற்றினார்கள் என்று ஒன்று விடாமல் இருந்தது. வேண்டியதைத் தொட்டால் அது திரும்பி வந்துவிடும். "பாத்தியா? இதுவும் வரலாறு மாதிரிதான். நாம மறந்தாலும் அது மறக்காது." அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. காலையில் வந்ததும் முதல் வேலை, நேற்று யார் எதில் கைவைத்தார்கள் என்று போலீஸ்காரர் மாதிரி பார்ப்பதுதான்.

எல்லாம் குதிரையோடு முடிந்திருக்கும். அதற்குள் மகாலட்சுமியின் சின்னம்மா மகளுக்குப் பனமலையில் காதுகுத்து வந்தது. விருந்து முடிந்து பெரியவர்கள் பந்தலில் சாய்ந்துவிட, இவள் நைனாவின் செல்போனை வாங்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போயிருக்கிறாள். மறுநாள் பள்ளிக்கு ஓடிவந்த வேகத்தில் பையைக்கூட இறக்கவில்லை.

"டீச்சர், இங்க பாருங்க. நம்ம கல்லு!"

படத்தில் ஏரித் தண்ணீருக்கு நடுவே இரண்டு தூண்கள் நின்றன. குறுக்கே ஒரு பலகைக் கல், அதில் வட்டமாக ஓட்டை.

"அட, ராஜா பனமலைக்கும் போயி குதிரை கட்டியிருக்காரு போல" என்று டீச்சர் சீண்டினார்.

மகாலட்சுமி சிரிக்கவில்லை. "ஏரி நடுவுல யாரு டீச்சர் குதிரை கட்டுவாங்க?"

டீச்சருக்குச் சுரீரென்று உறைத்தது. அவர் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், ஏரியும் மதகும் பார்த்து வளர்ந்தவர். தூண்களுக்குக் குறுக்கே ஓட்டைக் கல்லை வைத்து, அதன் வழியே நீளக் கம்பை இறக்கி, அடியில் இருக்கிற தண்ணீர் வாயை அடைப்பார்கள், திறப்பார்கள். அது அவருக்குத் தெரியாததா? தெரியும். பள்ளி மைதானத்துத் தூணில் சாய்ந்தபடி எத்தனையோ நாள் பரீட்சைத் தாள் திருத்தியிருக்கிறார். ஒரு தூண் போய்ப் பலகை அந்தத் தண்ணீர் வாய்மேல் விழுந்து கிடக்கிறது என்று ஒருநாளும் தோன்றவில்லை. குதிரை என்று ஊர் சொன்னது, அவரும் குதிரை என்றே இருந்துவிட்டார். பத்து வயதுப் பெண் ஒருத்தி, அவர் எழுதிப்போட்ட மூன்றாவது கேள்வியை அவரைவிட ஒழுங்காகக் கேட்டுவிட்டாள். டீச்சருக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

மதகு இருந்தால் ஏரி இருக்க வேண்டும், ஏரி இருந்தால் கரை இருக்க வேண்டும். எங்கே கரை? பீமாராவ் வராண்டாவில் குப்புறப் படுத்துக்கொண்டு டேப்பில் சாட்டிலைட் படத்தை விரலால் விரித்துப் பார்த்தான், சுருக்கிப் பார்த்தான்.

"டீச்சர், ஸ்கூலுக்குப் பின்னாடி இருக்குற பனமரம்லாம் வில்லு மாதிரி வளைஞ்சு நிக்குது."

கீழே நின்று பார்த்தால் அது வெறும் மேட்டுப் பாதை, ஆடு ஓட்டிப் போகிற வழி. மேலிருந்து பார்த்தால் யாரோ கோடு கிழித்த மாதிரி ஒரு வளைவு. வகுப்பே டேப்போடு அந்த மேட்டின்மேல் நடந்தது. நடக்க நடக்க ஒவ்வொரு பனைக்கும் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தார்கள். புள்ளிகளைச் சேர்த்தபோது அழகான ஏரிக்கரை எழுந்து வந்தது. கல்லும் மைதானமும் அவர்கள் உட்கார்ந்திருந்த வராண்டாவும் கரைக்கு உள்பக்கம் இருந்தன. அதாவது ஏரிக்குள்.

பீமாராவுக்கு அதுவும் போதவில்லை. அடிபம்பிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கல்லின் ஓட்டையில் ஊற்றினான். கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு தண்ணீர் உள்ளே போனது. இன்னொரு குடம், அதுவும் போனது. பிள்ளைகள் வரிசை கட்டி ஊற்றினார்கள், ஓட்டை நிறையவே இல்லை. "உள்ள இருக்குற ஆளுக்குச் செம தாகம்டா" என்றான் அவன். மகாலட்சுமி எல்லாவற்றையும் சத்தத்தோடு வீடியோ எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஸ்லைடுகள் தயாராகிவிட்டன. குதிரைப் படம் போய்ப் பனமலை மதகு வந்திருந்தது. கடைசி ஸ்லைடில் இப்படி இருந்தது: 'எங்கள் பள்ளி மைதானம் ஒரு ஏரி. இந்த மூலைக்கு அடியில் மதகின் பொந்து இருக்கிறது. இங்கே கட்டடம் கட்டினால் உள்வாங்கிவிடும். தயவுசெய்து வேறு பக்கம் கட்டித் தாருங்கள்.'

திங்கட்கிழமை பூமி பூஜை. ஒன்றியத்திலிருந்து பொறியாளர் சுந்தரமூர்த்தி வருகிறார், ஜேசிபி வருகிறது. பூஜைக்கு முன்னால் பிள்ளைகள் குதிரைக் கதையைத் திரையில் காட்டுவார்கள் என்று தலைவரிடம் டீச்சர்தான் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தார்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் டீச்சர் கடைசி ஸ்லைடையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடம் மாறினால் திட்டம் திரும்பப் போகும். புதிதாக அளக்க வேண்டும், புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்குள் மார்ச்சோடு நிதியாண்டு முடிந்துவிடும், கட்டடம் வேறு ஊருக்குப் போய்விடும். அடுத்த வருஷம் இந்தப் பள்ளியில் எத்தனை பேர் மிஞ்சுவார்களோ? பொந்து இருந்தால் இருக்கட்டுமே, கான்கிரீட்டைக் கொட்டி நிரப்பினால் போகிறது. பொறியாளர் படித்தவர், அவருக்குத் தெரியாதா? இப்படி அவர் தனக்குத் தானே வக்காலத்து வாங்கிக்கொண்டார். பிறகு செல்போனை எடுத்தார், ஸ்லைடுகள் நெட்டில் இருந்ததால் அதிலும் திறந்தன. பழைய நிலைகளின் வரிசையைத் திறந்து, குதிரை இருந்த நாளைத் தொட்டு, அதைத் திரும்பக் கொண்டுவந்தார். ஒரு நொடிதான். திரையில் பிடரி பறக்கக் குதிரை வந்து நின்றது. டீச்சர் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

சனி, ஞாயிறு அவருக்குச் சோறு இறங்கவில்லை. தலைவலி என்று வீட்டில் சொல்லிச் சமாளித்தார்.

திங்கட்கிழமை காலை ஷாமியானா போட்டாகிவிட்டது. மூலையில் சுண்ணாம்புக் கோடு, நாலு பக்கமும் முளைக்குச்சி. ஜேசிபி வந்து கையை மடக்கிக்கொண்டு நின்றது. டீச்சர் வாழை இலையில் பழம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது மகாலட்சுமி ரெட்டை ஜடை ஆட வந்து, அவர் புடவைத் தலைப்பைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"டீச்சர், வெள்ளிக்கிழம சாயங்காலம் உங்க செல்லுல கை பட்டிருக்கும் போல. நம்ம மதகு போயி திரும்பவும் குதிர வந்துருச்சு. உங்க பேரு காட்டுது."

டீச்சர் கையிலிருந்த வாழைப்பழச் சீப்பைப் பார்த்தார்.

"பயப்படாதீங்க டீச்சர், எதுவும் போவல. நான் திருப்பிக் கொண்டாந்துட்டேன்."

சொல்லிவிட்டு அவள் ஓடிவிட்டாள். தான் சொல்லிக் கொடுத்த அதே வார்த்தைகள் தனக்கே திரும்பி வரும் என்று டீச்சர் நினைத்திருக்கவில்லை. இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கரண்ட் இல்லை, புரொஜக்டர் ரிப்பேர் என்று ஏதாவது சொல்லிவிடலாம். ஏன் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

துரைக்கண்ணு வெள்ளை வேட்டி சரசரக்க வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் பொறியாளர், கறாரான ஆள் என்று பெயரெடுத்தவர். "ஆரம்பிங்க டீச்சர். சார் நம்ம ராஜா குதிரயப் பாக்கட்டும்" என்றார் தலைவர்.

டீச்சர் மைக்கை வாங்கினார்.

"குதிரை இல்லீங்க. புள்ளைங்க வேற ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்க. அதப் பாத்துட்டு அப்புறமா கடப்பாரை போடுங்க."

சுவரில் கட்டிய வேட்டியில் பனமலை ஏரி விரிந்தது. மகாலட்சுமி தடங்கல் இல்லாமல் பேசினாள். வில்லாக வளைந்த பனைவரிசை வந்தபோது கூட்டத்தில் ஒருவர் எழுந்து, பள்ளிக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். குடம் குடமாகத் தண்ணீர் உள்ளே போகிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டபோது பொறியாளர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"இன்னா டீச்சர் இது?" என்றார் துரைக்கண்ணு. முகம் சுண்டிவிட்டது.

பொறியாளர் பீமாராவைக் கூப்பிட்டார். "தம்பி, இது மதகுன்னு உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல சார். எல்லாரும் குதிரன்னுதான் சொன்னாங்க. நாங்க பாத்தோம்."

பொறியாளர் எழுந்து மூலைக்குப் போனார். ஒரு குடம் தண்ணீர் கேட்டு வாங்கி அவரே ஊற்றினார். பேன்ட் மண்ணாவதைப் பார்க்காமல் முட்டிபோட்டு ஓட்டையில் காதை வைத்தார். இன்னொரு குடம் கேட்டார். பிறகு எழுந்து, சுண்ணாம்புக் கோட்டின் மூலையில் இருந்த முளையைத் தானே பிடுங்கினார்.

"இதுமேல கட்ட நான் கையெழுத்து போட மாட்டேன் தலைவரே. ரெண்டு மழ தாங்காது. உள்ள புள்ளைங்க உக்காந்திருப்பாங்க."

"சார், ஈசானியம் சார்..."

"ஈசானியத்துல ஏரி இருக்குதே."

டீச்சர் கேட்க வேண்டியதைக் கேட்டார். "தென்மேற்கு மூலையில இடம் இருக்குது சார். இந்த வருஷமே மாத்த முடியுமா?"

"எழுதுறேன் டீச்சர். ஆனா இந்த வருஷம் வரும்னு நான் சொன்னா அது பொய்." அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "இந்த வேலையைச் செய்ய எங்க ஆபீஸ்ல ஆளு தேடணும். அந்தப் படத்தையெல்லாம் எனக்கு அனுப்பிவெய்ங்க, ஃபைலோட சேக்கணும்."

ஜேசிபி வந்த வழியே திரும்பிப் போனது. துரைக்கண்ணு எழுந்தார். கேட்வரைக்கும் போனவர் திரும்பி வந்து, தூணைச் சுற்றி நடந்து, ஓட்டையை எட்டிப் பார்த்தார். "எங்க நைனாவும் குதிரன்னுதான்டா சொன்னாரு" என்று பீமாராவிடம் சொன்னார். "அப்ப இது ஏரியா?" என்றார். "ஆமாங்க" என்றான் அவன். போகும்போது அவர் முகத்தில் கோபம் இல்லை. டீச்சர் ஷாமியானாவுக்குப் பின்னால் போய் அழுது, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். எத்தனை வருஷ மனு! ஆனால் நெஞ்சுக்குள் இரண்டு நாளாக உட்கார்ந்திருந்த பாரத்தைக் காணோம், அதுவும் உண்மை.

மதியம் மிச்சமிருந்த கேசரியைத் தின்றபடி பிள்ளைகள் வராண்டாவில் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பொறியாளருக்கு அனுப்ப வேண்டுமே. பீமாராவ் தலையைச் சொறிந்தான்.

"டீச்சர், இத அப்படியே அனுப்ப வேணாம். புதுசா ஒரு காப்பி எடுத்துரலாமா?"

"எதுக்குடா?"

அவன் மகாலட்சுமியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். "புதுக் காப்பின்னா பழச யாரு மாத்தினதுன்னு தெரியாது டீச்சர். மகாலட்சுமிதான் சொன்னா."

டீச்சருக்கு அப்போதுதான் புரிந்தது. கை பட்டிருக்கும் என்று அவள் காலையில் சொன்னது அறியாமல் சொன்னதல்ல. பத்து வயதுப் பிள்ளை டீச்சரின் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் ரெட்டை ஜடையை ஆட்டிக்கொண்டு ஓடியிருக்கிறாள். இந்தப் பக்குவத்தை இவளுக்கு எந்தப் பாடத்தில் சொல்லிக் கொடுத்தோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

"காப்பி வேணாம்" என்றார் டீச்சர். "கை படல மகாலட்சுமி. நான்தான் மாத்தினேன். கட்டடம் போயிருமேன்னு பயந்து மாத்தினேன்."

"தெரியும் டீச்சர்" என்றாள் அவள், மெதுவாக.

"அது அங்கயே இருக்கட்டும். யாரு, எப்ப, இன்னா பண்ணாங்கன்னு இருக்கணும். என் பேரும்தான்."

மகாலட்சுமி அவர் முகத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கேசரிக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள்.

"சரி டீச்சர். நெட்டு போடுங்க, அனுப்பணும்."